ஒரே அச்சில் வார்த்தவை

தாண்டவராயன் மகனின் பெயரைச் சொல்வதில்லை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி மகள் கலைமணி வீட்டுக்குள் நுழைவாள். அவள் பையை வைக்கும் சத்தம் கேட்டதும் கட்டிலில் இருந்தபடியே அவர் ஒன்றைத்தான் கேட்பார்.

"வில்லை எங்க கீது?"

"இனியவன்கிட்டதான் இருக்குப்பா."

"ம்."

அதற்குப் பிறகு டீ குடிப்பார். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார். டிவி செய்தியில் யாரையாவது திட்டுவார். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. இன்னொன்றில் ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். இருட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது, அதைத்தான் கேட்கிறார் என்று கலைமணி நினைத்தாள். நான்கு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வில்லை என்பது ஒரு ஜெர்மன் சிப்பாயின் சட்டையில் குத்தியிருந்த உலோகச் சின்னம். தாண்டவராயனின் அப்பா இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர். இத்தாலியில் ஓர் ஆற்றங்கரைச் சேற்றில் மண்வெட்டியில் தட்டுப்பட்டது என்று எடுத்து வந்தார். நீள்வட்டம், சுற்றிலும் இலைகள், குறுக்கே ஒரு துப்பாக்கி, மேலே ஒரு கழுகு, கழுகின் காலில் ஸ்வஸ்திகா. வெள்ளிப் பூச்சு என்றோ போய், மழை மேகத்தின் நிறத்தில் இருந்தது.

ஸ்வஸ்திகாவைப் பார்த்த கலைமணியின் அம்மா கனகம் அதைக் கழுவிக் குங்குமம் வைத்துப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள். வருஷக்கணக்கில் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டினார்கள். இனியவன் ஒன்பதாவது படிக்கும்போது சரித்திரப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"எம்மா, நீ யாருக்குச் சூடம் காட்டிக்கினு கீற தெரியுமா? லட்சக்கணக்குல ஜனத்தைக் கொன்னவங்க சின்னம் இது."

கனகம் கொஞ்ச நேரம் மாடத்தைப் பார்த்தாள். "அடப்பாவமே, சாமி போயி யார்கிட்ட மாட்டிக்கிச்சு பாரு" என்று குங்குமத்தைத் துடைத்துக் கணவரிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து அது தாண்டவராயனின் சட்டைப் பையில் இருந்தது. துப்பாக்கியின் அடிக்கட்டையில் தொடங்கி இலைகளைத் தாண்டிப் போகும் மெல்லிய மேடு ஒன்று அதில் இருந்தது. மயிரிழை கனம். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் அந்தக் கோட்டின் மேல் போய் வந்துகொண்டிருக்கும். "எனக்கு அப்பால இது உனுக்குடா" என்று இனியவனிடம் சொல்வார். "எனக்கு வாணாம்பா, கொலைகாரனுங்க சாமான்" என்பான் அவன். சொல்லிவிட்டு வாங்கி அவனும் ஒரு முறை தடவிப் பார்ப்பான்.

நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தபோது வீட்டில் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. அப்பாவுக்கு கேட்டில் செக்யூரிட்டி. பிள்ளைக்கு உள்ளே லைனில் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் பையன்கள் நிரந்தரம் கேட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். கம்பெனி அவர்கள் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்தியது. மறுநாள் காலை, உள்ளே இருந்த பையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொள்ள இனியவன் கேட்டுக்கு வந்தான். யூனிபாரம் போட்டுக்கொண்டு அங்கே நின்றது தாண்டவராயன்.

"கார்டு இல்லாம உள்ள வுட முடியாது" என்றார்.

"டிபன் பாக்ஸுப்பா."

"ஆர்டர் இல்ல. அப்பால போ."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்த வாரம் இனியவன் வீட்டை விட்டுப் போனான். ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பையில் இருந்த வில்லையும் அவனோடு போயிற்று. கொஞ்ச நாள் போன் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. கனகம் இதையெல்லாம் பார்க்கவில்லை. முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள்.

கலைமணிக்கு முப்பத்து நாலு. கல்யாணம் நடந்து, முடிந்தும் விட்டது. ஒரகடத்தில் அலுமினிய வார்ப்புக் கம்பெனி ஒன்றில் கடைசிச் சோதனை மேஜையில் நிற்கிறாள். மோட்டார் மூடி ஒவ்வொன்றாக வரும். விளக்கின் கீழே திருப்பிப் பார்த்துக் குறை இருந்தால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். நாள் முழுதும் பேச்சு தேவைப்படாத வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் மூடிகளில் ஒரு கோடு வரத் தொடங்கியது. அச்சில் விரிசல் விழுந்திருந்தது. உருகிய உலோகம் அந்த விரிசலுக்குள்ளும் புகுந்து உறைவதால், வெளியே வரும் மூடியில் அதே இடத்தில் மேடாக ஒரு கோடு. அச்சை நிறுத்த நேரமில்லை, லாரி காத்திருந்தது. பிசிறு அராவும் பையன்கள் கோட்டையும் சேர்த்து அராவினார்கள். அவர்கள் கைக்குத் தப்பி வந்ததைக் கலைமணி தொட்டியில் போட்டாள்.

அச்சைப் பார்க்க சங்கரநாராயணன் வந்தார். அச்சு வடிவமைப்பில் பழுத்தவர், தென்காசிப் பக்கம். ஓய்வு பெற்றுத் தண்டலத்தில் இருக்கிறார், கூப்பிட்டால் வந்து பார்த்துச் சொல்வார். மூடி ஒன்றை விளக்கடியில் பிடித்துச் சிரித்தார்.

"எம்மா, இதை நீங்க தூக்கிப் போடுதீங்க. நான் இதைத்தான் தேடித் தேடி வாங்குதேன், பாத்துக்கோங்க."

"ஸ்க்ராப்பா சார்?" என்றாள் லைன் சூபர்வைசர் ஷெர்லின். "சொல்லியிருந்தா தொட்டியோட அனுப்பியிருப்போமே."

அவர் போனை எடுத்துக் காட்டினார். பழைய ஜெர்மன் வில்லைகள். யுத்தம் முடியும் தறுவாயில் துத்தநாகத்தில் வார்த்தவை. "அன்னைக்கும் இதே கதைதான். அச்சு விரிஞ்சு போச்சு, மாத்த நேரமில்லை, அடிச்சுத் தள்ளுன்னுட்டான். இப்ப போலி பண்ணுதவன் இருக்காம்லா, அவன் சுத்தமாப் பண்ணிருதான். இல்லன்னா கோட்டையும் சேத்து நகல் எடுப்பான், கோடு மழுங்கிப் போயிரும். நெசமானதுல கோடு கூர்மையா நிக்கும்."

விரலால் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். கலைமணி அவர் கையைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் அது பெரியவரின் கை என்று உறைத்தது, சட்டென்று விட்டாள்.

துப்பாக்கியின் அடிக்கட்டையில் தொடங்கி இலைகளைத் தாண்டிப் போகும் கோடு.

"சார், இதை நான் நேர்ல பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை தண்டலத்துக்குப் போனாள். நெடுஞ்சாலையைப் பார்த்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. மனைவி மகளோடு அமெரிக்காவில் இருந்தாள். அவர் தனியாக இருந்தார். மர இழுப்பறையில் பச்சைத் துணி விரித்து வில்லைகளை வைத்திருந்தார். அவள் கேட்டதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கலைமணி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். சின்ன வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து தடவியது அப்படியே இருந்தது.

அவர் அவளைப் பேசச் சொல்லவில்லை. லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது உங்க வீட்டு வில்லைன்னு நினைக்கீங்களா?"

"தெரியல சார். அந்தக் கோடு அந்த அச்சுல வந்த எல்லாத்துலயும் இருக்குமே."

"இருக்கும்" என்றார். "பாத்துக்கோங்க, இதைக் குத்திக்கிட்டுத் திரிஞ்சவன் நல்லது செஞ்சிருக்க மாட்டான். அவன் எனக்கு வேண்டாம். அச்சு உடைஞ்சும் ஓட்டச் சொன்னானே, அந்த அவசரம் இருக்குல்லா, அதைத்தான் நான் பாக்குதேன். உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு வாரம் குடுங்க சார். தம்பி குடுத்தனுப்பினான்னு அப்பாகிட்ட சொல்லணும்."

"பொய் சொல்லப் போறீங்க."

"ஆமா சார்."

அவர் வில்லையைத் துணியில் சுற்றினார். கொடுப்பதற்கு முன் கொஞ்சம் தயங்கினார். "சாமான் நெசம். அதுல எனக்குச் சந்தேகமில்ல. கதையை நீங்க பாத்துக்கோங்க."

பிள்ளைப்பாக்கத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தாண்டவராயன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பை வைக்கும் சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வில்லையை அவர் கையில் வைத்தாள்.

"இனியவன் குடுத்தனுப்பினாம்பா. அவன்கூட வேலை செய்யற ஆளு ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தாரு."

கட்டைவிரல் தானாகக் கோட்டுக்குப் போயிற்று. ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது.

"அவன் வர்லியா?"

"லீவு இல்லியாம்."

"இன்னா சொன்னான்?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. "அப்பாகிட்ட குடுத்துடுன்னு சொன்னானாம்."

"குடுத்துட சொன்னானா?"

"ஆமாப்பா."

அவர் சிரிக்கவில்லை, அழவில்லை. வில்லையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தாள். டீ போட்டு வந்தாள். டீ ஆறியது.

மறுநாள் சாயங்காலம் அவள் பையை வைத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்து மறுபடியும் சத்தமாக வைத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வில்லை ஜன்னல் மேடையில், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். தட்டில் சோறு அப்படியே கிடந்தது. டிவியில் மந்திரி ஒருவர் பேசினார், அவரைத் திட்ட ஆள் இல்லை.

வியாழக்கிழமை அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இன்னாப்பா ஆச்சு? நீ கேட்டதுதானே வந்திருக்கு."

வெளியே யாரோ வண்டியை உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"நா எப்ப வில்லைய கேட்டேன்?" என்றார். "எங்க கீதுன்னுதான் கேட்டேன். நீயும் அவன்கிட்ட கீதுன்னு சொல்லுவ. பையில எங்கியோ வெச்சிருப்பான். கை பட்டா கோடு தெரியும். அப்ப என் நெனப்பு வரும் இல்ல? அவ்ளோதான் எனக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கேட்டாண்ட அவன வெளிய நிக்க வெச்சேன். இப்ப அவன் என்ன வெளிய நிக்க வெச்சிட்டான். உன் சாமான் எனக்கு வாணாம்னு குடுத்து வுட்டுட்டான். சரிதான். செய்ய வேண்டியதுதான்."

கலைமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது நம்மளுது இல்லப்பா."

"எனக்குக் கண்ணுதான் இல்ல."

"நிஜமாப்பா. எங்க கம்பெனிக்கு வர்ற ஒரு சார்கிட்ட வாங்கினு வந்தேன். நீ ஆசப்படறியேன்னு பொய் சொன்னேன். இனியவன் ஒண்ணும் குடுத்து வுடல."

அவர் முகத்தில் ஒரு சின்ன இரக்கம் வந்தது. பொய் சொல்லி ஆறுதல் செய்கிறாள் என்று நினைத்த இரக்கம். முதல் பொய்யை நம்பியவர் உண்மையைப் பொய் என்று எடுத்துக்கொண்டார்.

"கோடு கீதும்மா. என் கை பொய் சொல்லாது. மச்சம் மாதிரி அது. ஒரு ஆளுக்கு கீற மச்சம் இன்னொரு ஆளுக்கு அதே எடத்துல இருக்குமா? போய்ச் சாப்டு."

அச்சு, விரிசல், உலோகம் புகுவது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கேட்கும் தலையாட்டல் இல்லை அது.

மறுநாள் சிவப்புத் தொட்டியிலிருந்து அடுத்தடுத்து வார்த்த மூடிகள் இரண்டை எடுத்து வைத்தாள். அரம் படாதவை. ஷெர்லினிடம் போய் நின்றாள்.

"இது ரெண்டும் வூட்டுக்கு வேணும் ஷெர்லின். பாஸ் போட்டுக் குடு, நாளைக்குத் திருப்பிக் கொணாந்துடறேன்."

"அக்கா, பத்து வருஷமா இதத் தூக்கிப் போட்டுக்கினு கீற. இப்ப இன்னா திடீர்னு பாசம்?"

"அப்பாகிட்ட காட்டணும்."

"கண்ணு தெரியாதவருகிட்டயா?"

"அதனாலதான்."

ஷெர்லின் மேலே கேட்கவில்லை. 'மாதிரிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேட்டில் செக்யூரிட்டி கோபால் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, கொழம்புக் குண்டானுக்கு மூடி இல்லியா வூட்ல?"

"இருக்குடா. இது உன் வாய்க்கு."

"ஒண்ணு போதுமே, எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு இருந்தா நம்ப மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள். கோபாலுக்கு எதுவும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தான்.

வீட்டில் தாண்டவராயனை எழுப்பி உட்கார வைத்தாள். முதல் மூடியை அவர் மடியில் வைத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். பழைய விரல், நகம் தடித்துப் போயிருந்தது.

"தெரியுதா?"

"ம். பிசிறு."

இரண்டாவதை வைத்தாள். விரலைப் பிடிக்கவில்லை. அவரே தேடட்டும் என்று விட்டுவிட்டாள். விரல் விளிம்பில் அலைந்தது, ஓட்டையைச் சுற்றியது, ஏறி வந்தது. கோட்டில் முட்டி நின்றது. பின்னால் போனது. முதல் மூடிக்குப் போயிற்று, திரும்பி வந்தது. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டையும் தடவத் தொடங்கினார். வலது விரலும் இடது விரலும் ஒன்றாகத் தொடங்கி, ஒன்றாக வளைந்து, ஒரே இடத்தில் முடிந்தன. மறுபடியும் செய்தார். கண் மூடியிருந்தது.

"இன்னிக்கு எத்தினி இப்படி வந்திச்சு?"

"வந்தது எல்லாமே இப்படித்தாம்பா."

"எல்லாத்துலயுமா?"

"அச்சு ஒண்ணுதானே."

"அப்ப அந்த ஜெர்மன்காரனுங்க..."

"எவ்ளோ பேருக்கு அடிச்சாங்களோ, அத்தினி பேரு சட்டையிலயும் இந்தக் கோடு இருந்திருக்கும்."

மூடிகளை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஜன்னல் மேடைப் பக்கம் கையை நீட்டினார். வில்லையைக் கொடுத்தாள். அதைக் கோட்டில் தடவவில்லை. பாரம் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தார். அன்னிய வீட்டுப் பொருளைப் பிடிக்கும் பிடி.

"அப்ப நம்மளுது?"

"அவன்கிட்டதான் இருக்குப்பா."

"ம்" என்றார். கொஞ்ச நேரத்தில் குரல் உயர்ந்தது. "இன்னா பொண்ணு நீ? அடுத்தவங்க சாமானக் கொண்டாந்து என் தலைல கட்டுவியா? அறிவு கீதா உனுக்கு? நாளைக்கே போயி குடுத்துட்டு வா." அப்புறம் சோறு கேட்டார். மிளகாய் காரமில்லை என்று திட்டினார். அவள் சமையலறைக்குப் போய்ச் சுவரில் கை வைத்து நின்றாள்.

வில்லை இனியவனிடம்தான் இருக்கிறது என்று அப்பாவுக்கு நிரூபித்தாயிற்று. பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. நிரூபித்தது அது இல்லை. எல்லா வில்லையிலும் கோடு இருக்கும் என்பது மட்டும்தான் நிரூபணம். ஜன்னல் மேடையில் இருப்பது நம்முடையதாக இல்லாமல் இருக்கலாம். நம்முடையதாகவே இருக்கவும் இருக்கலாம். நான்கு வருஷத்தில் ஒருவனுக்குக் கஷ்டம் வந்திருக்கும். சென்னையில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. ஒரு கை கொடுத்திருக்கும், இன்னொரு கை வாங்கியிருக்கும். குழாயை மூடிவிட்டு, திறந்து, மறுபடியும் மூடினாள்.

சனிக்கிழமை மதியம் தண்டலத்துக்குப் போனாள். சங்கரநாராயணன் கதவைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கதை நிக்கலையோ?"

"நின்னுச்சு சார். அதான் கஷ்டமாப் போச்சு. அப்புறம் உண்மையச் சொல்லிட்டேன்."

நடந்ததைச் சொன்னாள். இரண்டு மூடிகளையும் தடவிய கதையைக் கேட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் வாழ்நாள்ல அச்சு விரிசலுக்கு இப்படி ஒரு உபயோகம் பாத்ததில்ல எம்மா" என்றார். வில்லையைத் துணியிலிருந்து பிரித்துப் பச்சை விரிப்பில், அது இருந்த குழியில் வைத்தார். இழுப்பறையை மூடவில்லை.

"ஒரு விஷயம். நீங்க அன்னைக்குக் கேக்கல, நானும் சொல்லல. இது என் கைக்கு எப்படி வந்துதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எந்த இடம், கொண்டு வந்தது எப்படிப்பட்ட ஆளு, எல்லாம். சொல்லவா?"

கீழே நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துப் போயிற்று. அவர் சொல்லப்போவது ஒரு வெளிநாட்டு ஏலமாக இருக்கலாம். அப்படியென்றால் ஒன்றும் இல்லை. கன்னத்தில் அம்மாவைப்போல் குழி விழும் தம்பியாகவே இருக்கலாம். அப்படியென்றால் அவனை எங்கே தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும். தெரிந்தபின், சாயங்காலம் கட்டிலிலிருந்து வரும் கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"வேணாம் சார்" என்றாள்.

"நிச்சயமாவா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பைப் போடும்போது அவர் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. லிஃப்ட் மேலேயே நின்றிருந்தது. அவள் படியில் இறங்கினாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றது. கைப்பிடி வெயிலில் சுட்டது. மேலே கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கலைமணி கைப்பிடியை விடாமல் நெடுநேரம் நின்றாள். பிறகு அடுத்த படியில் காலை வைத்தாள். அது கீழே போகும் படி.